பிரெஞ்சு மொழியின் தனிநிலை இறந்தகாலம்: வடிவும் வழக்கும்

1. முன்னுரை

வினைச்சொற்களின் வடிவங்களை இலக்கண நூல்கள் வாய்பாடுகளாக வகுத்துத் தருவது மரபு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடமும் ஒருமை, பன்மை என்னும் ஈரெண்ணும் கூட ஆறு வடிவங்கள் நிரல்பட நிற்கும். அவை ஆறும் ஒத்த தகுதியின என்றும், ஒருங்கே தோன்றி ஒருங்கே வாழ்வன என்றும் கற்போன் கருதுதல் இயல்பு. அக்கருத்து எல்லாவிடத்தும் பொருந்தாது என்பதற்குப் பிரெஞ்சு மொழியின் இறந்தகால வடிவங்களுள் ஒன்று நல்ல சான்றாக நிற்கின்றது.

பிரெஞ்சில் முடிந்த செயலை உரைக்க இரு வடிவங்கள் உள்ளன. 'அவன் பாடினான்' என்பதை 'இல் ஷான்த்தா' என்றும் 'இல் ஆ ஷான்த்தே' என்றும் கூறலாம். முன்னது பகுதியும் விகுதியும் சேர்ந்து ஒரு சொல்லாய் நிற்பது. பின்னது 'உடைமை'ப் பொருள் தரும் துணைவினையும் இறந்தகால எச்சமும் கூடியது. சில வினைகட்கு 'இருத்தல்' பொருள் தரும் துணைவினை வரும். முன்னதைப் பிரெஞ்சு இலக்கணிகள் 'பாசே ஸேம்ப்ல்' என்றும், பின்னதைப் 'பாசே கொம்போசே' என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் அவற்றை முறையே தனிநிலை இறந்தகாலம், கூட்டுநிலை இறந்தகாலம் என்று குறிப்போம். இன்று பாரிசு நகரத்தார் இயல்பாக உரையாடுங்கால் கூட்டுநிலையே வரும், தனிநிலை வாராது. ஆயினும் புதினம், வரலாறு, சிறுவர் கதை ஆகியவற்றில் தனிநிலை நின்று நிலவுகின்றது. பேச்சினின்றும் நீங்கிய வடிவம் எழுத்தில் ஏன் நின்றது? பேச்சினின்றும்தான் ஏன் நீங்கியது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

2. இலத்தீன் மூலமும் நால்வகை விகுதிகளும்

தனிநிலை இறந்தகாலம் இலத்தீன் மொழியின் நிறைவுகால வினைமுற்றின் நேர்வழித் தோன்றல். 'பாடினேன்' எனப் பொருள்படும் 'கான்த்தாவீ' என்னும் இலத்தீன் சொல் வகரம் கெட்டு, அசை சுருங்கி, 'ஷான்த்தே' ஆயிற்று. ஆறு வடிவங்களும் வருமாறு: ஷான்த்தே, ஷான்த்தா, ஷான்த்தா, ஷான்த்தாம், ஷான்த்தாத், ஷான்த்தேர். முன்னிலை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒலியில் ஒன்றே; எழுத்தில் மட்டும் முன்னிலைக்கு ஈற்றில் சகரம் வரும்.

இலத்தீனின் அந்நிறைவுகால வினைமுற்று இரு பொருள்களைத் தாங்கியிருந்தது. 'எழுதினேன்' என்பதும் 'எழுதியிருக்கின்றேன்' என்பதும் அதனுள் அடங்கின. பேச்சு இலத்தீனில் இரண்டாம் பொருளைத் தனித்துக் காட்ட ஒரு புதிய தொடர் எழுந்தது. 'எழுதப்பட்டதாக ஒரு மடலை உடையேன்' என்னும் அமைப்பில் உடைமைவினை நாளடைவில் தன் பொருளை இழந்து துணைவினையாயிற்று. 'மடலை எழுதியுள்ளேன்' என்பதே அத்தொடரின் பொருளாயிற்று. கூட்டுநிலை இறந்தகாலத்தின் பிறப்பு இதுவே. தமிழில் 'வந்தான்', 'வந்திருக்கின்றான்' என்பவற்றிடையே உள்ள வேறுபாட்டை நினைவிற் கொள்வோர்க்கு இது எளிதில் விளங்கும். செயலின் பயன் கூறுவோனது நிகழ்காலத்தைத் தொடுதலே கூட்டுநிலைக்குத் தொடக்கத்தில் இருந்த சிறப்புப் பொருள்.

தனிநிலையின் விகுதிகளை இலக்கண நூல்கள் நான்கு வகையாகப் பகுக்கும். பெரும்பான்மை வினைகள் மேற்கூறிய அகர வகையின. இரண்டாவது இகர வகை: 'முடித்தல்' பொருள் தரும் வினை ஃபினி, ஃபினி, ஃபினி, ஃபினீம், ஃபினீத், ஃபினீர் என வரும். மூன்றாவது உகர வகை: 'விரும்புதல்' பொருள் தரும் வினை வூல்யு, வூல்யூம், வூல்யூர் எனவும், 'இருத்தல்' வினை ஃப்யு, ஃப்யூம், ஃப்யூர் எனவும் திரியும். நான்காவது மூக்கொலி வகை. 'வருதல்', 'பற்றுதல்' ஆகிய இரு வினைகளும் அவற்றினின்று பிறந்தனவும் மட்டுமே இதன்பாற்படும்.

எவ்வினை எவ்வகைக்கு உரியது என்பதை வினைப்பகுதி கொண்டு எல்லாவிடத்தும் துணிதல் இயலாது. 'காண்டல்' வினை 'வி' என இகரம் பெறும். அதனோடு உருவில் ஒப்புமையுடைய 'அறிதல்' வினை 'ஸ்யு' என உகரம் பெறும். 'பிறத்தல்' வினை 'நாக்கி' என்றாக, 'வாழ்தல்' வினை 'வேக்யு' என்றாகும். வாழ்தல் வினைக்கு முற்காலத்தில் இகர வடிவமும் இருந்தது. 1647இல் பிரெஞ்சு மொழிவழக்குப் பற்றிய குறிப்புகளை வெளியிட்ட வோழ்லா என்னும் இலக்கணி, அச்சொல்லின் இருவகை வடிவங்களையும் ஆராய்ந்தார். பின்னாளில் உகர வடிவமே நின்றது.

3. பழம் பிரெஞ்சில் வடிவமும் ஆட்சியும்

பழம் பிரெஞ்சில் இவ்வடிவங்கள் இன்னும் சிக்கலாக இருந்தன. இலத்தீனில் சில வினைகட்கு அழுத்தம் ஓரிடத்தில் பகுதிமேலும், மற்றோரிடத்தில் விகுதிமேலும் விழுந்தது. அதனால் ஒரே வினையின் ஆறு வடிவங்களும் இரு வேறு பகுதிகளைப் பெற்றன. 'சொல்லுதல்' வினையில் தன்மை ஒருமையும் படர்க்கையும் ஓரசைப் பகுதியோடு நிற்க, முன்னிலை ஒருமையும் தன்மைப் பன்மையும் முன்னிலைப் பன்மையும் ஈரசைப் பகுதி பெற்றன. காலப்போக்கில் இவ்வேறுபாடு தேய்ந்து, ஆறும் ஒரே பகுதியின ஆயின. வடிவங்கள் ஒப்புமையாக்கம் எய்தும் போக்கு மொழியின் உள்ளிருந்தே எழுந்தது என்பதை இங்குக் குறித்துக் கொள்ளல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

எழுத்தில் காணும் ஒரு குறியும் இவ்வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. தன்மை, முன்னிலைப் பன்மை வடிவங்களில் உயிரின்மேல் கூரைபோன்ற ஒரு குறி இடப்படும். முன்னிலைப் பன்மையில் அது, ஒலி கெட்ட பின்னும் எழுத்தில் நின்ற சகரத்தின் இடத்தைக் காட்டும். தன்மைப் பன்மையிலோ அச்சகரம் இலத்தீனில் இல்லை. முன்னிலை வடிவத்தைப் பார்த்து ஒப்புமையால் வந்தது. ஒலியாத சகரங்கள் பலவற்றை நீக்கி அவற்றிற்கு ஈடாகக் குறிகளை அமைத்தது பிரெஞ்சு அக்கதெமி 1740இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பாகும்.

ஆட்சியை நோக்கின், பழங்காலத்தில் இரு வடிவங்களிடையே இறுகிய எல்லை இருந்ததாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் ரொலான் காப்பியத்தில் நிகழ்காலமும் தனிநிலையும் கூட்டுநிலையும் அடுத்தடுத்து விரவி வருகின்றன. பிற்காலத்தில் தொடரிறந்தகாலத்திற்கு உரியதான வருணனையும் அந்நாளில் தனிநிலையால் கூறப்பட்டது. ஆகவே தனிநிலை அந்நாளில் கதைக்கே உரிய வடிவம் அன்று. அது பொதுவான இறந்தகாலமே.

4. இருபத்துநான்கு மணி விதி

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிற்கு இலக்கணம் வகுக்க முற்பட்டோர் கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களில் தோய்ந்தவர்கள். ஆன்ரி எத்தியேன் என்பார் பிரெஞ்சிற்கும் கிரேக்கத்திற்கும் உள்ள ஒப்புமையை 1565இல் ஒரு நூலாக எழுதினார். தனிநிலை வடிவைக் கிரேக்கத்தின் 'அயோரிஸ்து' என்னும் காலத்தோடு ஒப்பவைக்கும் வழக்கம் அக்காலத்தது. இவ்வறிஞர் காலத்தையொட்டியே ஒரு விதியும் உருப்பெற்றது. இன்று நிகழ்ந்ததற்குக் கூட்டுநிலையும், இடையில் ஓர் இரவேனும் கழிந்ததற்குத் தனிநிலையும் வரவேண்டும் என்பது அது. 'இருபத்துநான்கு மணி விதி' எனப் பிற்காலத்தார் இதனைச் சுட்டுவர்.

1660இல் ஆர்னோ, லான்ஸ்லோ என்னும் இருவர் இயற்றிய போர்-ருவாயால் இலக்கணம் இவ்விதியை உறுதியாக உரைத்தது. 'இன்று காலை எழுதினேன்' என்பதில் தனிநிலை வாராது; 'நேற்று எழுதினேன்' என்பதில் வரும். இத்தாலியரும் இசுப்பானியரும் இவ்விரண்டையும் ஒரோவழி மயக்குவர் என்றும், பிரெஞ்சு மொழியோ இதில் விலக்கே இல்லாத நுட்பம் வாய்ந்தது என்றும் அந்நூல் பெருமிதம் கொண்டது.

இவ்விதி ஏட்டளவில் நின்றதன்று. 1637இல் கொர்னேயின் 'ல சித்' என்னும் நாடகம் அரங்கேறியபோது பெரும் பூசல் விளைந்தது. அதற்கு இரண்டாண்டுகட்கு முன் நிறுவப்பெற்ற பிரெஞ்சு அக்கதெமி அந்நாடகத்தைப் பற்றிய தன் தீர்ப்பை வெளியிட்டது. நாடகத்தில் முதியவர் ஒருவரை அறைந்து இழிவுபடுத்திய கோமகன், சிறிது பொழுது கழித்து அச்செயலை மற்றொருவனிடம் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'செய்தேன்' என்னும் பொருளில் அவன் 'ஃபி' என்ற தனிநிலை வடிவை ஆள்கின்றான். செயல் அப்போதுதான் நிகழ்ந்தது, இடையில் ஓரிரவும் கழியவில்லை, ஆதலின் கூட்டுநிலையே வேண்டும் என்று அக்கதெமி குற்றங் காட்டியது. கொர்னேய் 1660ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வடிகளையே மாற்றி அமைத்தார்.

இந்நிகழ்ச்சி இரு வகையில் சிந்தித்தற்குரியது. முதலாவது, செவ்வியல் நாடகத்தின் கதை ஒரு நாளெல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதும் அந்நாளைய விதி. இரு விதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், மேடையில் நிகழும் எச்செயலையும் பின்னர் அம்மேடை மாந்தர் தனிநிலையால் சுட்டுதல் கூடாது என்பது பெறப்படும். உரையாடலே உருவான இலக்கிய வகையில் அவ்வடிவத்திற்கு இடம் சுருங்கிற்று. இரண்டாவது, கொர்னேய் போன்ற பெரும்புலவரே விதியை மீறினார் எனின், அவ்விதி அந்நாளைய வழக்கை அவ்வாறே பதிவு செய்ததா, வழக்கின்மேல் ஓரெல்லையை வரைந்ததா என்னும் ஐயம் எழுகின்றது. பயன் நிகழ்காலத்தைத் தொடுகின்றதா என்னும் பொருள் வேறுபாட்டை மணிக்கணக்காக மாற்றியது இலக்கணிகளின் செயல் எனக் கோடல் பொருந்தும்.

பெயர்களின் தடுமாற்றமும் இதனை வலியுறுத்தும். போர்-ருவாயால் இலக்கணம் கூட்டுநிலையை 'வரையறுத்த இறந்தகாலம்' என்றும், தனிநிலையை 'வரையறாத இறந்தகாலம்' என்றும் அழைத்தது. பின்வந்த இலக்கணங்களில் இப்பெயர்கள் தலைமாறின. தனிநிலையே 'வரையறுத்தது' ஆயிற்று. 1910இல் பிரான்சு நாட்டுக் கல்வி அமைச்சு இலக்கணக் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்தியபோது, பொருளைச் சுட்டும் பெயர்களைக் கைவிட்டு, வடிவை மட்டும் சுட்டும் இன்றைய பெயர்களை மேற்கொண்டது.

5. பேச்சினின்றும் நீங்கியமை

18ஆம் நூற்றாண்டில் அருகத் தொடங்கிய தனிநிலை, 19ஆம் நூற்றாண்டில் பாரிசின் இயல்பான உரையாடலினின்றும் மறைந்தது எனலாம். இம்மறைவின் காரணத்தை அந்துவான் மெய்யே 1909இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஏனைய இந்தோ-ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் இத்தகைய மறைவு நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்கிய அவர், தனிநிலையின் வடிவச் சிக்கலை ஒரு முதன்மைக் காரணமாகக் கண்டார். தென் செருமானியப் பேச்சும் வட இத்தாலியப் பேச்சும் கூட்டுநிலையையே பொது இறந்தகாலமாகக் கொண்டமை ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. கூட்டுநிலையைப் பேசுவோன் துணைவினையின் நிகழ்கால வடிவங்களையும் ஓர் எச்சத்தையும் அறிந்தால் போதும். தனிநிலையைப் பேசுவோன் நால்வகை விகுதிகளையும், வினைதோறும் திரியும் பகுதிகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதனோடு ஒலிமயக்கமும் சேர்ந்தது. 'பாடினேன்' என்னும் தனிநிலை 'ழ ஷான்த்தே' என ஒலிக்க, கூட்டுநிலை 'ழே ஷான்த்தே' என ஒலிக்கும். தொடரிறந்தகாலமும் இவற்றிற்கு அணித்தாகவே ஒலிக்கும். 'முடித்தல்', 'சொல்லுதல்' முதலிய வினைகளில் ஒருமை வடிவங்கள் மூன்றும் நிகழ்கால வடிவங்களோடு எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றே. 'பால் கறத்தல்', 'மேய்தல்', 'மூடுதல்' என்னும் பொருளுடைய மூன்று வினைகட்கு இன்றைய இலக்கணம் தனிநிலை வடிவமே கூறுவதில்லை. பால் கறத்தலும் மேய்தலும் உழவர் வீட்டில் நாள்தோறும் வழங்கும் சொற்கள் என்பதை நோக்க, வாய்பாட்டின் குறை எத்தகையது என்பது புலனாகும்.

எனினும் சிக்கல் நீங்குதற்கு ஒரு வழி திறந்தே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அகர வகை வினைகளும் இகர விகுதி பெற்றுப் பேச்சில் வழங்கின. அகர வகையே மிகப் பெரிது. அதுவும் இகர வகையோடு ஒன்றியிருப்பின் வாய்பாடு பெரிதும் எளிமையுற்றிருக்கும். முன்னர்ப் பகுதிகளை ஒன்றாக்கிய ஒப்புமையாக்கமே ஈண்டு விகுதிகளையும் ஒன்றாக்க முற்பட்டது. இலக்கணிகளோ அதனைக் கற்றறியாதார் பேச்சு எனக் கடிந்து விலக்கினர். நன்மக்கள் வழக்கில் அது ஏறவில்லை.

கடலுக்கு அப்பால் இதன் விளைவு வேறாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மேற்குப் பகுதிகளிலிருந்து பலர் வட அமெரிக்காவின் அக்காடியாவிற் குடியேறினர். அவர்கள் வழித்தோன்றல்கள் வாழும் கனடா நாட்டு நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்கில், செயின்ட் மேரி விரிகுடாவை அடுத்த ஊர்களின் பேச்சில், தனிநிலை இறந்தகாலம் நூலறிவு வேண்டாத அன்றாட வடிவமாகவே இக்காலத்தும் வழங்குவதை மொழியியலார் பதிவு செய்துள்ளனர். அங்கு அகர வகை வினைகள் இகர விகுதியையே பெறுகின்றன. பாரிசில் இழிவழக்கு என ஒதுக்கப்பட்ட வடிவம் எதுவோ, அதுவே தனிநிலையைப் பேச்சில் வாழவைத்த வடிவமாயிற்று. பிரான்சின் தெற்கில் வழங்கிய ஒக்சித்தான் மொழியும் தன் தனிநிலை விகுதிகளைப் பெரும்பாலும் ஒருசீராக்கிக் கொண்டது. அப்பகுதியார் பேசும் பிரெஞ்சிலும் தனிநிலை வடக்கினும் நெடுங்காலம் நின்றது.

இவ்வொப்புமைகள் மெய்யேயின் கருத்திற்கு அரண் செய்கின்றன. ஒதுங்கி வாழும் சிற்றூர்களின் இயல்பு, தலைநகரில் பல பகுதி மக்களும் கலந்தமை முதலிய பிற காரணங்களும் உடன் நின்றிருத்தல் கூடும். ஆதலின் இகர விகுதியை விலக்கியதொன்றே காரணம் எனத் துணிதல் மிகையாகும். ஆயினும் ஒன்று தெளிவு. திருந்திய வடிவைக் காக்க முற்பட்டோர், அவ்வடிவம் நாவில் நிலைத்தற்கு இருந்த ஓர் எளிய வழியை அடைத்தனர்.

6. எழுத்தில் நிலைத்தமை

பேச்சினின்றும் நீங்கிய வடிவங்கள் பல முற்றும் வழக்கொழிந்தன. தனிநிலை அவ்வாறு ஒழியாமைக்குக் காரணம் எழுத்தில் அதற்கு ஒரு புதிய தொழில் வாய்த்தமையே. எமில் பான்வனிஸ்த் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினார். பிரெஞ்சு வினைக்காலங்களை ஒரே நிரலில் வைத்து எண்ணுதல் தகாது என்பது அவர் கொள்கை. கூறுவோன் 'நான்' என நின்று 'நீ' எனக் கேட்போனை நோக்கி உரைக்கும் உரைநிலை ஒன்று; கூறுவோன் தலையிடாது நிகழ்ச்சிகள் தாமே நிகழ்ந்தாற்போல் எடுத்துரைக்கும் வரலாற்றுநிலை மற்றொன்று. தனிநிலை வரலாற்றுநிலைக்கும், கூட்டுநிலை உரைநிலைக்கும் உரியன. குஸ்தாவ் குளோத்ஸ் எழுதிய கிரேக்க வரலாற்றிலிருந்தும், பால்சாக்கின் கதையிலிருந்தும் பகுதிகளை எடுத்துக்காட்டி, அங்குத் தனிநிலை படர்க்கையோடு இயைந்து நிற்பதை அவர் நிறுவினார்.

இக்கொள்கையை ஏற்பின், வாய்பாட்டின் ஆறு வடிவங்களும் ஏன் ஒத்த வாழ்வு பெறவில்லை என்பது விளங்கும். படர்க்கை இரண்டும் கதையிலும் வரலாற்றிலும் எங்கும் வருகின்றன. தன்மை, தன் வரலாறு எழுதுவோர் கையில் வாழ்கின்றது. தம் கடந்தகாலத்தைப் பிறன் வாழ்க்கைபோல் தொலைவில் நிறுத்திக் காண்பதற்கு அது துணை செய்கின்றது. முன்னிலையோ அரிது, அதிலும் 'ஷான்த்தாத்' போன்ற முன்னிலைப் பன்மையை இன்று ஒருவர் உரையாடலில் ஆளின் கேட்போர்க்கு நகை விளையும். காரணம் வெளிப்படை. எதிரே நிற்பானை விளித்து உரைத்தல் உரையாடலின் தொழில். இவ்வடிவமோ உரையாடலைத் துறந்தது. துறந்த வடிவத்திற்கு முன்னிலை ஏது?

எழுத்தாளர் இதனை உணர்ந்தே ஆண்டனர். ஃப்லோபேர் இறந்தகால வடிவங்களைப் புதுவகையில் கையாண்ட திறத்தை 1920இல் ப்ரூஸ்த் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். 1942இல் அல்பேர் காமு 'அந்நியன்' என்னும் புதினத்தைக் கூட்டுநிலையால் எழுதினார். அக்கூட்டுவடிவம் வினையை இரண்டாகப் பிளந்து, ஒரு வாக்கியத்தினின்றும் மற்றொன்றைத் தீவுபோல் தனிப்படுத்துகின்றது என்று அடுத்த ஆண்டில் சார்த்ர் விளக்கினார். 1947இல் வெளிவந்த 'கொள்ளைநோய்' என்னும் புதினத்தில், ஒரு நகரத்தின் துன்பத்தை வரலாறுபோல் எழுதப் புகுந்த அதே காமு தனிநிலையை மேற்கொண்டார். ஆகவே காமு தனிநிலையைத் துறந்தாரல்லர், இடனறிந்து ஆண்டார். 1953இல் ரொலான் பார்த், தனிநிலை வெறும் காலங்காட்டும் வடிவமாக நில்லாது 'இது இலக்கியம்' என அறிவிக்கும் அடையாளமாகிவிட்டது என்றும், சிதறிய வாழ்வுக்கு அது ஓர் ஒழுங்கைப் புனைந்து தருகின்றது என்றும் எழுதினார். பேச்சில் மறைந்தமையே எழுத்தில் அதற்கு இவ்வாற்றலை ஈந்தது.

7. முடிவுரை

2015இல் பிரான்சு நாட்டில் வெளிவந்த பாடத்திட்டம், தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்புகளையும் அடுத்த வகுப்பையும் சார்ந்த மாணவர்க்குத் தனிநிலையின் படர்க்கை வடிவங்களையே வற்புறுத்தியது. மொழியின் செல்வம் குறைகின்றது என ஒரு சாராரும், வழக்கிலுள்ளதை முதற்கண் கற்பித்தலே முறை என மறுசாராரும் வழக்காடினர். இவ்வரலாற்றை அறிந்தார்க்கு இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு என்பது தோன்றும். படர்க்கையின் தலைமை பாடத்திட்டம் படைத்ததன்று; சில நூற்றாண்டுகளாக வழக்குத் தானே வகுத்தது. ஆயினும் ஏனைய வடிவங்களைக் கல்லாத மாணவனுக்குத் தன் மொழியின் தன்வரலாற்று நூல்கள் அயன்மைப்படும் என்பதும் உண்மையே.

இவ்வாராய்ச்சியால் மூன்று முடிவுகள் போதரும். முதலாவது, பேச்சில் இல்லாதது எல்லாம் இறந்ததன்று. தொழில் மாறி எழுத்தில் வாழ்வதும் உண்டு. இரண்டாவது, விதியால் ஒரு வடிவின் தூய்மையைக் காத்தல் அதன் வாழ்வைக் காத்தல் ஆகாது. பாரிசு தூய வடிவை ஏட்டில் வைத்துக்கொண்டது, அக்காடியர் சிதைந்தது எனப்பட்ட வடிவை நாவில் வைத்துக்கொண்டனர். மூன்றாவது, வாய்பாட்டின் ஆறு கட்டங்கள் கற்பார்க்கு ஏணியாகலாம். மொழி வரலாற்றை எழுதுவார்க்கு அவை சான்றாகா. ஒவ்வொரு வடிவமும் யார் வாயில், யாரை நோக்கி, எந்நூலில் வழங்கிற்று என்று தனித்தனியே வினவிய பின்னரே அதன் வரலாறு தொடங்குகின்றது.